26 இஞ்ச் ஃபோர்க்கில் 27.5 இஞ்ச் சக்கரம்: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

மவுண்டன் பைக்கின் முன் சக்கரத்தை 26 இஞ்சிலிருந்து 27.5 இஞ்சுக்கு மாற்ற வேண்டும், சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டும் பழையதே இருக்கட்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஃபோர்க்கின் டிராவலை, அதாவது அது அமுங்கி எழும் தூரத்தை, குறைத்துவிட்டால் பெரிய டயருக்கு இடம் கிடைத்துவிடும் என்பது அவர்கள் போடும் கணக்கு. நானும் அதே கணக்கைப் போட்டு, 20 மி.மீ. ஸ்பேசர், அதாவது டிராவலைக் குறைக்கும் துண்டு ஒன்றை உள்ளே வைத்து மூடி, கோட்டையூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கினேன். ஃபோர்க் முழுக்க அமுங்கிய நொடியில் டயர் மேலே போய் இடித்து நின்றது. சக்கரம் நின்றால் ஓட்டுகிறவர் நிற்பதில்லை. முழங்கையிலிருந்து சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

எனவே இங்கே வரிசைதான் முக்கியம். அளவெடுப்பதற்கு முன் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

உறுப்புகளுக்கு நான் பயன்படுத்தும் பெயர்கள் இவை. ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு கால்களையும் பிடித்திருக்கும் தடித்த பகுதி கிரவுன். அதிலிருந்து இறங்கும் பளபளப்பான குழாய்கள் மேல் குழாய்கள். அவற்றின்மேல் ஏறி இறங்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி கீழ்க் கூடு. கீழ்க் கூட்டின் இரு கால்களையும் டயருக்கு மேலாக இணைப்பது வளைவு.

1. டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

26 என்ற எண்ணை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பதுபோல ஓர் இரட்டை எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. 27.5 என்பது 584. 29 என்பது 622.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் 26 × 1 3/8 என்று தொங்கும் டயர் 590 விட்டம் கொண்டது. 26 × 1½ என்பதோ 584, அதாவது 27.5 ரிம்மின் அளவேதான். பெயரில் 26 இருப்பதாலேயே மூன்றும் ஒன்றாகிவிடாது. தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி டியூபும் டயரும் வாங்கிக்கொண்டு வந்து, என் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அந்த எண்ணைப் பார்த்தார்.

நமக்கு வேண்டியது ஆரங்களின் வித்தியாசம். 559-லிருந்து 584-க்கு விட்டம் 25 மி.மீ. கூடுகிறது, ஆகவே ஆரம் 12.5 மி.மீ. கூடுகிறது. 584-லிருந்து 622-க்குப் போனால் ஆரத்தில் 19 மி.மீ. ஒரேயடியாக 559-லிருந்து 622 என்றால் 31.5 மி.மீ. முதலாவது பல ஃபோர்க்குகளில் நடக்கும். இரண்டாவது சிலவற்றில் மட்டும். மூன்றாவதை முயலவே வேண்டாம்.

எதிர்த்திசையில், பெரிய ஃபோர்க்கில் சின்னச் சக்கரம் போடுவதற்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அச்சும் டிஸ்க்கும் பொருந்தினால் மாட்டிவிட்டுப் போகலாம். முன்பக்கம் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான்.

2. அச்சையும் பிரேக்கையும் பாருங்கள்

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் உள்ள ஃபோர்க் என்றால் இங்கேயே கடையைக் கட்டுங்கள். பிரேக் கட்டைகள் நிற்கும் முளைகள் 559 ரிம்முக்காக அடித்து வைத்தவை. புதிய ரிம் 12.5 மி.மீ. தள்ளிப் போய்விடும், கட்டை எட்டாது. டிஸ்க் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. டிஸ்க்கின் இடம் அச்சிலிருந்து கணக்கிடப்படுவதால் சக்கரத்தின் அளவு எதுவானாலும் டிஸ்க்கைக் கவ்வும் கேலிபர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஃபோர்க் 9 மி.மீ. குயிக் ரிலீஸா, 15 மி.மீ. ஊடச்சா, அதாவது த்ரூ ஆக்சிலா என்று பார்த்து, அதற்கேற்ற ஹப்புள்ள சக்கரத்தை வாங்குங்கள். பழைய ஹப்பையே வைத்து 584 ரிம்மைக் கோப்பதாக இருந்தால் பழைய ஸ்போக்ஸ் உதவாது. ஏறத்தாழ 12 மி.மீ. நீளமானவை வேண்டும். கோட்டம் எடுத்து முடித்த சக்கரத்தை வைத்துத்தான் அடுத்த அளவுகளை எடுக்க வேண்டும். 3 மி.மீ. ஏறி இறங்கும் சக்கரத்தை அளந்தால் எல்லாக் கணக்கும் 3 மி.மீ. பொய்யாகிவிடும்.

3. வளைவு இடம் கொடுக்கிறதா

கிரவுனுக்கு முன்னால் வளைவைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளைவு கீழ்க் கூட்டின் பகுதி, சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அதற்கும் டயருக்கும் உள்ள இடைவெளி ஒருபோதும் மாறாது. ஃபோர்க்கின் உள்ளே என்ன செய்தாலும் அதைக் கூட்ட முடியாது.

புதிய சக்கரத்தில் டயரை முழு அழுத்தத்துக்கு நிரப்பி மாட்டுங்கள். அரைக் காற்றில் டயர் தாழ்ந்து நின்று ஏமாற்றும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே டயரின் உச்சிக்கும் வளைவின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 6 மி.மீ. ஆலன் சாவியை விட்டுப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றிலும் எங்கும் உரசாமல் போக வேண்டும். இரு பக்கக் கால்களிலும் அதேபோல.

6 மி.மீ. என்பது காய்ந்த செம்மண்ணுக்குப் போதும். மழைக்குப் பிறகு கண்மாய் உள்வாயில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் களிமண் டயரில் அப்பம் தட்டியதுபோல ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு 6 போதாது, ஒரு சுற்றுச் சிறிய டயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2.25 அகல டயரிலிருந்து 1.95-க்கு இறங்கினால் உயரத்திலும் சில மில்லிமீட்டர் கிடைக்கும்.

இடம் போதவில்லை என்றால் வளைவை அரத்தால் ராவாதீர்கள். கொஞ்சம் விலை கூடிய ஃபோர்க்குகளில் கீழ்க் கூடு பெரும்பாலும் மக்னீசிய வார்ப்பு. ராவிய இடத்தில் வலு போய்விடும், மக்னீசியத் தூள் எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். அந்த ஃபோர்க் அந்தச் சக்கரத்துக்கு இல்லை என்று விட்டுவிடுவதுதான் வழி.

4. முழுக்க அமுக்கி அளப்பது

இந்த வேலையில் அரை நாள் போகிறது என்றால் அதில் பாதியை இந்தப் படிக்குக் கொடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். இடது காலின் உச்சியில் உள்ள மூடியைத் திருகி எடுத்து, வால்வை அழுத்திக் காற்றை முழுக்க இறக்குங்கள். சில பழைய ஃபோர்க்குகளில் இடது காலின் அடியிலும் ஒரு வால்வு இருக்கும், அதையும் இறக்க வேண்டும். காற்றுக்குப் பதில் சுருள் கம்பி உள்ள ஃபோர்க் என்றால் மேல் மூடியைக் கழற்றிச் சுருளை வெளியே எடுத்துவிடுங்கள். இப்போது ஃபோர்க்கைக் கடைசி வரை அமுக்குங்கள். கையை எடுத்தால் மறுபடி எழும், எனவே பழைய டியூப் ஒன்றைக் கிரவுனிலிருந்து அச்சு வரை இழுத்து இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

கிரவுனின் அடிப்பக்கத்தில் டயர் முதலில் இடிக்கக்கூடிய இடம் எது என்று பாருங்கள். நடுவில் குழிந்திருக்கும், ஓரத்தில் ஒரு விளிம்பு தொங்கும். அந்த விளிம்பிலிருந்து அச்சின் மையம் வரை அளந்து எழுதுங்கள். பிறகு தனியே புதிய சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, தரையிலிருந்து அச்சின் மையம் வரை அளந்து எழுதுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உங்களிடம் உள்ள இடைவெளி.

சக்கரத்தை மாட்டிக்கொண்டே அமுக்கிப் பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். டயர் முன்னதாகவே இடித்து நின்றுவிட்டால் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கவேண்டி இருந்தது என்று தெரியாமல் போகும். கழித்தல் கணக்கில் அது எதிர்மறை எண்ணாக வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நான் கடைசியாகச் செய்த 100 மி.மீ. டிராவல் ஃபோர்க்கில் கிரவுனிலிருந்து அச்சு வரை 345.5 மி.மீ. 54-584 டயர் போட்ட சக்கரத்தின் ஆரம் 344 மி.மீ. இடைவெளி 1.5 மி.மீ. அதாவது கையால் அமுக்கினால் இடிக்காது. குழியில் விழுந்தால் உள்ளே இருக்கும் தடுப்பு ரப்பர் இன்னும் சில மில்லிமீட்டர் நசுங்கும், அப்போது இடிக்கும். அதனால்தான் நான் 10 மி.மீ.க்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை. 10 வேண்டும், 1.5 இருக்கிறது, பற்றாக்குறை 8.5. அதை 9 என்று வைத்துக்கொண்டேன்.

பற்றாக்குறை 15 மி.மீ.யைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். டிராவலில் அவ்வளவையும் கொடுத்துவிட்டு மிஞ்சுகிற ஃபோர்க் சுமையாக மட்டுமே இருக்கும்.

சைக்கிள் சட்டத்தின் கீழ்க் குழாய்க்கும் டயரின் பின்புறத்துக்கும் உள்ள தூரத்தையும், பெடலை முன்னால் வைத்துத் திருப்பும்போது கால் விரல் டயரில் படுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

5. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு ஒரு மூடியின் ஓட்டை வழியாக உள்ளே போகிறது, அதன் நுனியில் பிஸ்டன். மூடிக்கு வெளியே தண்டில் ஒரு வளையத்தைக் கோத்தால் பம்பை முழுக்க அழுத்த முடியாது. மூடிக்கு உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே கோத்தால் அழுத்துவதில் மாற்றம் இருக்காது. முழுக்க இழுக்கத்தான் முடியாது.

காற்று ஃபோர்க்கின் இடது காலும் இதே அமைப்புத்தான். மேல் குழாயின் அடியில் சீல் மூடி, அதன் வழியே ஒரு தண்டு, தண்டின் கீழ் நுனி கீழ்க் கூட்டில் போல்ட்டால் பிடித்திருக்கிறது. டிராவல் ஸ்பேசர் என்று விற்பது சீல் மூடிக்கு உள்ளே உட்காரும் துண்டு. அது ஃபோர்க் நீள்வதைத் தடுக்கிறது. முழுக்க அமுங்கிய நிலையில் டயர் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கும். டயருக்கு இடம் வேண்டும் என்றால் சீல் மூடிக்கு வெளியே, தண்டில், ஒரு புஷ், அதாவது நடுவில் துளையுள்ள சிறு உருளைத் துண்டு, கோக்க வேண்டும். கண்மாய்க் கரையில் நான் விழுந்தது இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான்.

அப்படியானால் டிராவல் ஸ்பேசர் எதற்கு? சக்கரத்தின் ஆரம் கூடியதால் முன்பக்கம் 12.5 மி.மீ. உயர்கிறது. முன் சக்கரத்தை மட்டும் மாற்றினால் ஹேண்டில் படுத்து, திருப்பம் சற்றுச் சோம்பலாகும். 20 மி.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை என்பது பட்டறைக் கணக்கு. 10 மி.மீ. ஸ்பேசரை உள்ளே வைத்தால் முன்பக்கம் பழைய உயரத்துக்கு அருகே வந்துவிடும். பின் சக்கரத்தையும் 27.5 ஆக்குகிறவர்களுக்கு வண்டி முழுதும் ஒரே சீராக உயர்வதால் இது கட்டாயம் இல்லை. நானே அப்படிப்பட்ட வண்டிகளில் போடுவதில்லை.

என் ஃபோர்க்கில் வெளியே 9, உள்ளே 10. 100 மி.மீ. டிராவல் 81 ஆயிற்று. செம்மண் தடத்துக்கும் தைலமரக் காட்டுப் பாதைக்கும் இது போதும். மேட்டிலிருந்து குதிக்கிறவர்களுக்கான வேலை இது இல்லை. தயாரிப்பாளரும் இதற்குப் பொறுப்பேற்க மாட்டார், உத்தரவாதம் போய்விடும்.

உங்கள் ஃபோர்க்கில் சீல் மூடிக்கு வெளியே தண்டில் தடுப்பு ரப்பர் எதுவும் இல்லை என்றால் அதன் அமைப்பு வேறு. அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். கீழே போல்ட்டே இல்லாமல் அடைத்து வைத்திருக்கும் மலிவான ஃபோர்க்குகள் இந்த வேலைக்கு ஆகாது.

6. புஷ் கடைவது

வெளியே போடும் புஷ் கடையில் கிடைக்காது. காரைக்குடியில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. பழைய புஷ் ஒன்றைக் காட்டினால் பத்து நிமிடத்தில் கடைந்து தருவார்கள். ஆனால் அளவை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் முதல் முறை வாயால் சொன்னேன், 9 மி.மீ. நீளம் கேட்டதற்கு 9 மி.மீ. துளை போட்டுக் கொடுத்தார். "தம்பி, படம் வரைந்து கொண்டுவந்தால் நான் ஏன் தப்பாகக் கடையப் போகிறேன்?" என்றார். நியாயம்தான்.

தாளில் இருக்க வேண்டியவை: நீளம், அதாவது உங்கள் பற்றாக்குறை. துளை, தண்டின் விட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் அதிகம். வெளி விட்டம், சீல் மூடியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற கம்பி வளையத்தில் படாத அளவு. அதோடு, இரு முகங்களும் சமமாக, விளிம்புகள் மழுக்கியதாக இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். முகம் சாய்ந்திருந்தால் ஒவ்வோர் அடியும் தண்டை ஒரு பக்கமாகத் தள்ளும், சீல் ஒரு பக்கம் தேயும்.

நைலான் போதும். டெல்ரின் கிடைத்தால் இன்னும் நல்லது, நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும். இரும்பு வேண்டாம், அடிபடும்போது அது தன்னைவிட மென்மையான எல்லாவற்றையும் நசுக்கும். பாதியாக வெட்டி இடுக்கிவிடும் புஷ்ஷும் வேண்டாம். ஒருநாள் அது கழன்று உள்ளே குறுக்காக விழும்.

வலது காலின் தண்டிலும் தடுப்பு ரப்பர் இருந்தால் அங்கேயும் அதே நீளத்தில் ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் முழு அடியும் ஒரு காலிலேயே இறங்கும். இரண்டையும் ஒரே கம்பியிலிருந்து ஒரே நேரத்தில் கடையச் சொல்லுங்கள்.

7. பிரிப்பது

ஆலன் சாவிகள், ரப்பர் சுத்தியல், உள்வாய்ச் சர்க்ளிப் பிளையர், வெர்னியர், ஃபோர்க்குக்கான உயரழுத்தப் பம்ப், அந்த ஃபோர்க்குக்குச் சொல்லப்பட்ட எண்ணெய், சஸ்பென்ஷன் கிரீஸ், கீழ் போல்ட்டுக்கான புதிய வாஷர்கள். இவ்வளவும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். வாஷருக்காகத் திருச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டு ஒரு வாரம் திறந்து கிடந்த ஃபோர்க்குக்குள் செம்மண் தூசி போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வேலை செய்கிறவர்கள் கீழே சாக்கும் அதன்மேல் பழைய வேட்டியும் விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் எண்ணெயைக் குடித்துவிடும். எங்கள் வீட்டுப் பட்டாலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கிறது. அப்பத்தா அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

காற்றை இறக்கியாயிற்று என்றாலும் மறுபடி ஒருமுறை ஃபோர்க்கை அமுக்கிவிட்டு வால்வை அழுத்துங்கள். உள்ளே தங்கியிருக்கும் காற்றோடு சர்க்ளிப்பைக் கழற்றினால் தண்டு துப்பாக்கிக் குண்டுபோல வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வலது காலின் அடியில் இருக்கும் ரீபவுண்ட் குமிழை, அதாவது ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் குமிழை, இழுத்து எடுங்கள். இரு கீழ் போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுக்க எடுக்காதீர்கள். போல்ட்டின் தலைமேல் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. தண்டு கீழ்க் கூட்டிலிருந்து விடுபடும். போல்ட்டை எடுத்துவிட்டுத் தண்டின் மேலேயே அடித்தால் மரை சிதையும், புதியவர்கள் செய்யும் தவறுகளில் செலவு வைப்பது இதுதான். விடுபட்ட பிறகு போல்ட்டைக் கழற்றி, அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கீழ்க் கூட்டை இழுத்து எடுங்கள்.

போல்ட் பிடித்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அரிமானம். இரும்பும் மக்னீசியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது மக்னீசியம்தான். அரிமானத்தை ஆராயும் சிக்ரி ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விடலாமா? பூத்ததைத் துடைத்துச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டும்போது மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

இடது மேல் குழாயின் அடியில் உள்ள சர்க்ளிப்பைப் பிளையரால் எடுக்கும்போது தண்டை இன்னொரு கையால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளையரின் நுனி தண்டைக் கீறிவிட்டால் அந்தக் கீறல் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். பிறகு தண்டை நேராக இழுங்கள்.

மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கழுவுவது நம் பட்டறைகளின் பழக்கம். சீல்களையும் ஓ-ரிங்குகளையும் அதில் போடாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் போதும்.

8. கோப்பது, ஆனால் எண்ணெய் ஊற்றாமல்

தண்டில் பிஸ்டனுக்கும் சீல் மூடிக்கும் நடுவே டிராவல் ஸ்பேசரைப் பொருத்துங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் இது இடுக்கிப் போடும் பிளாஸ்டிக் துண்டு. புதியவை பலவற்றில் தண்டையே வேறு நீளத்தில் வாங்கி மாற்ற வேண்டியிருக்கும். தண்டைக் குழாய்க்குள் செலுத்தி, சர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று சுற்றித் திருப்பிப் பாருங்கள். பிறகு வெளியே நிற்கும் தண்டில் புஷ். பழைய தடுப்பு ரப்பரை எடுத்துவிடாதீர்கள். அது புஷ்ஷோடு சேர்ந்தே இருக்க வேண்டும், அடியைத் தாங்குவது அதுதான்.

இப்போது கீழ்க் கூட்டை வெறுமனே ஏற்றி, பழைய வாஷரோடு போல்ட்டுகளை லேசாகப் பிடியுங்கள். புதிய சக்கரத்தை மாட்டுங்கள், டயரில் முழுக் காற்று.

அடுப்படியிலிருந்து எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவு கேட்டு வாங்கி வாருங்கள். அதைக் கிரவுனின் அடியில், டயருக்கு நேர் மேலே ஒட்டுங்கள். டயரில் கொஞ்சம் உலர்ந்த மாவைத் தடவிவிட்டால் ஒட்டிக்கொள்ளாது. ஃபோர்க்கை முழு பலத்தோடு அமுக்குங்கள், இன்னொருவர் ஹேண்டில்மேல் சாய்ந்தால் இன்னும் நல்லது. விட்டுவிட்டு, நசுங்கிய மாவை அலுங்காமல் கத்தியால் வெட்டி, அதன் மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளங்கள். என் ஃபோர்க்கில் 10.5 வர வேண்டும் என்று கணக்கு சொன்னது, மாவு 10 என்றது. அரை மில்லிமீட்டர் ரப்பர் நசுங்கியதில் போனது.

மாவு 8-க்குக் கீழே காட்டினால் பிரித்து நீளமான புஷ் போடுங்கள். எண்ணெய் ஊற்றாததால் இது கால் மணி நேர வேலை. எண்ணெய் ஊற்றி, புதிய வாஷர் போட்டு இறுக்கிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாம் வீண். புதியவர்கள் தாண்டிப் போகும் படியும் இதுதான், முடிந்துவிட்டது என்ற அவசரம்.

9. எண்ணெயும் இறுக்கமும்

மறுபடி கீழ்க் கூட்டை இறக்கி, தூசி சீல்களின் உள் உதட்டில் கிரீஸ் தடவி, நுரை வளையங்களை எண்ணெயில் ஊற வைத்துப் பொருத்துங்கள். சக்கரக் குண்டுகளுக்குப் போடும் தடித்த கிரீஸ் வேண்டாம், குழாயைப் பிடித்து இழுக்கும். கீழ்க் கூட்டைப் பாதி ஏற்றி, ஃபோர்க்கைச் சாய்த்து, கீழ் போல்ட் துளை வழியாக ஒவ்வொரு காலுக்கும் எண்ணெய் விடுங்கள். பெரும்பாலான ஃபோர்க்குகளில் ஒரு காலுக்கு 5 முதல் 15 மி.லி. வரைதான், சரியான அளவு கையேட்டில் இருக்கும். அளவுக்கு ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சு வசதி. கூட ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் அமுங்காது, மிஞ்சினால் ஃபோர்க் பாதியிலேயே நின்றுவிடும்.

முழுக்க ஏற்றி, புதிய வாஷரோடு போல்ட்டை இறுக்குங்கள். பல ஃபோர்க்குகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கடன் வாங்குங்கள், மக்னீசியத்தில் கைக்கணக்கு உதவாது.

10. காற்று

புதிய டிராவல் எவ்வளவோ அதில் 20 முதல் 25 சதவீதம் உங்கள் எடைக்கு அமுங்க வேண்டும். 81 மி.மீ.க்கு 16 முதல் 20 மி.மீ. மேல் குழாயில் கட்டிய ரப்பர் வளையம் அதைக் காட்டும். பழைய 100 மி.மீ. கணக்கில் 25 மி.மீ. அமுங்க விட்டால் மிச்சம் இருப்பது 56 மி.மீ., குழிக்குக் குழி புஷ்ஷில் இடிக்கும்.

வெளியே புஷ் போட்டதால் காற்று முன்போலக் கடைசி வரை நெருக்கப்படுவதில்லை. அந்தக் கடைசிப் பகுதியில்தான் அது நன்றாக எதிர்த்துக்கொண்டிருந்தது. அதனால் முன்பைவிட 5 பிஎஸ்ஐ கூட்டி வைத்து ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். காற்றறையைச் சிறிதாக்கும் துண்டுகள் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அது இன்னும் சுத்தமான வழி.

காலை ஆறு மணிக்கு அளந்த அழுத்தம் மதியம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ வைத்தால் 40 டிகிரி வெயிலில் அது 85-ஐத் தொடும். ஓட்டும் நேரத்தில் அளங்கள்.

11. ஓட்டிப் பார்ப்பது

கிரவுனின் அடியில் ஈரச் சுண்ணாம்பைத் தடவிக் காயவிடுங்கள். டயர் எப்போதாவது தொட்டால் டயரில் வெள்ளைக் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும், சுண்ணாம்பில் கறுப்புத் தடம் விழும்.

முதலில் தெருவில், முன் பிரேக்கை அழுத்தி அமுங்க விடுங்கள். அடுத்து வேகத்தடை. அதன் பிறகுதான் சரளை, கண்மாய்க் கரை. ஒவ்வொன்றுக்கும் பிறகு இறங்கி மேல் குழாயின் ரப்பர் வளையம் எதுவரை போயிருக்கிறது என்றும், சுண்ணாம்பையும் பாருங்கள். வளையம் 81-ஐத் தொட்டு, சுண்ணாம்பு கலையாமல் இருந்தால் புஷ் தன் வேலையைச் செய்கிறது. வளையம் 81-ஐத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போயிருந்தால் ரப்பர் நசுங்கியிருக்கிறது, காற்றைக் கூட்டுங்கள்.

50 கி.மீ. ஓடிய பிறகு கீழ் போல்ட்டுகளில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள், இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள். டயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் நான்காவது படியின் கழித்தல் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். அகலமான டயர் என்றால் உயரமும் கூடும், அந்த 10 மி.மீ. அங்கேயே கரைந்துவிடும்.

வேகமானி வைத்திருப்பவர்கள் சக்கரச் சுற்றளவை 2068-லிருந்து 2148 மி.மீ.க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குன்றக்குடி வரை போய் வந்ததில் ஒரு கிலோமீட்டரை அது விழுங்கிவிடும்.